பூஞ்சணமும் கிணற்றடி மண்ணும்

வீரபாகுவின் வெற்றிலைக் கொடிக்காலில் முதல் கொடி வாடியது ஐப்பசி அடைமழை விட்ட மூன்றாம் நாள். வெற்றிலை கிள்ளக் கட்டைவிரலில் இரும்பு நகத்தை மாட்டிக்கொண்டு விடிந்ததும் உள்ளே போனவர், நாலாவது பாத்தியின் மேற்கு முனையில் நின்றுவிட்டார். முந்தின நாள் எண்ணெய் தடவினதுபோல் இருந்த இலைகள் மினுக்கம் போய், வெந்நீர் பட்டதுபோலத் தொங்கின. காலடி ஓடையில் தண்ணீர் கிடக்கிறது; தாகத்தில் வாடின வாட்டமில்லை. கொடியை லேசாகப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் இருந்த தண்டு கறுத்துக் கொழகொழத்து, மூக்கில் வைக்க முடியாதபடி நாறியது.

மறுநாள் ஆறு கொடி. அதற்கடுத்த நாள் எண்ணுவதை விட்டுவிட்டார்.

ஆத்தூர் வெற்றிலைக்கு அப்போது நல்ல பேர். தாமிரபரணி கடலில் சேருமுன் கடைசியாகப் பாயும் ஊர்களில் ஒன்று அது. ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் நெல், நடுவில் அகத்தி மரங்களைப் பிடித்து ஏறிய வெற்றிலைக்கொடிகள். உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் மாலை மங்கினதுபோல் இருக்கும். உலக யுத்தம் வந்தபிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் சரக்கு நின்று நின்று போனது. ஆனாலும் வெற்றிலை போடுகிறவர்கள் யுத்தத்துக்காக நிறுத்திவிடவில்லை. வீரபாகுவுக்கு இருந்தது பன்னிரண்டு பாத்தி. அதை வைத்துத்தான் அவரும் மனைவி சீனித்தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

கொடிக்காலை அந்த ஊரில் கோயில் மாதிரிதான் வைத்திருந்தார்கள். செருப்புக் காலோடு போகக்கூடாது. மீன், கறி என்று கவிச்சி எதுவும் கொண்டுபோகக்கூடாது. மாதவிலக்கு நாளில் பெண்கள் அந்த வரப்புப் பக்கமே தலைகாட்டக்கூடாது. நிழல் பட்டாலே கொடி கருகிவிடும் என்பார்கள்.

சீனித்தாய் போயிருந்தாள். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள், வீரபாகு வெற்றிலைக் கட்டுகளோடு தூத்துக்குடிக்குப் போயிருந்தபோது, வாய்க்கால் மடை உடைந்தது. மேல்பக்கத் தோட்டத்துக்காரன் வரப்பிலிருந்து சத்தம் கொடுத்துவிட்டுத் தன் மடையைப் பார்க்க ஓடிவிட்டான். அவளுக்கு அன்று இரண்டாம் நாள். வாசலுக்கும் முற்றத்துக்குமாக நாலு நடை நடந்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். முழங்கால் தண்ணீரில் நின்று வாழைமட்டையையும் களிமண்ணையும் வைத்து மடையை அடைத்தாள். அதற்குள் மேற்கே நாலு பாத்தி முங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நனைந்த சேலையைக் கொல்லைப்புறம் காயப்போட்டாள். சாயங்காலம் புருஷன் வந்து மடையைப் பார்த்துவிட்டு, மேல்பக்கத் தோட்டத்துக்காரன் அடைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். அவள் மறுத்துச் சொல்லவில்லை.

இப்போது வாடுவது அந்த நாலு பாத்திதான். அங்கே தொடங்கிக் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். பிள்ளைகளுக்குத் தலைவாரும்போது சீப்பைப் பிடித்தபடி நின்றாள்.

வீரபாகுவின் அண்ணன் ஆறுமுகநயினாரின் கொடிக்கால் அதே வாய்க்காலில் அடுத்ததாக, தண்ணீர் இறங்கும் பக்கத்தில் இருந்தது. இந்தத் தோட்டத்தில் நுழைந்த தண்ணீர் அந்தத் தோட்டத்துக்குத்தான் போகும். அவர் ஒரு காலை மனைவி சுடலைமாடத்தியோடு வந்தார். பாத்திகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டு வாசலில் நின்றே பேசினார். சீனித்தாய் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஆகாத கால் பட்டிருக்குலே, வீரபாகு. நம்ம ஐயா காலத்துல இப்படி ஒரு சீக்கு உண்டா? வீட்டுல கேளு."

வீரபாகு தலையைக் குனிந்துகொண்டு நகக்கண்ணில் இருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கவும் இல்லை, அப்படி இருக்காது என்று சொல்லவும் இல்லை. சுடலைமாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தாள். இனிமேல் பெண்ணாள் யாரும் உள்ளே போகவேண்டாம் என்றார் ஆறுமுகநயினார். மார்கழி பிறப்பதற்குள் சீக்கு நிற்காவிட்டால் கொடிகளைப் பிடுங்கித் தீ வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊர் கூடி மடையை அடைத்துவிடும். அவர் கோபத்தில் பேசவில்லை. அவருக்கும் பதினாறு பாத்தி இருந்தது.

அன்றிலிருந்து சீனித்தாய் கொடிக்காலுக்குள் போகவில்லை. புருஷனுக்குக் கஞ்சி கொண்டுபோனாலும் வரப்பு முனையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காமலே நம்பிவிட்டார் என்பதுதான் உறுத்தியது.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றினால் கேட்கும் என்று யாரோ சொன்னதால் வீரபாகு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். கடற்கரை ரஸ்தாவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். துறைமுகத்துப் பக்கம் சிப்பாய்கள் நின்று ஆட்களை விலக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சரக்குக் கிட்டங்கிகளுக்கு வெளியே உப்பு மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் கசிந்துகொண்டிருந்தன. துத்தம் கண்ணில் கண்டு ஏழு மாதமாச்சு, எல்லாம் யுத்தத்துக்குப் போகிறது என்றார் ஒரு கடை அண்ணாச்சி. வேண்டுமானால் விவசாய ஆபீசில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

அங்கே இருந்தவர்தான் ஞானதீபம். நாசரேத் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள், எதையாவது எழுதிக்கொண்டே பேசுவார். துத்தம் அவரிடமும் இல்லை. ஆனால் அழுகின தண்டை மடியிலிருந்து எடுத்துக் காட்டியதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் சைக்கிளைப் பஸ்ஸின் மேல் போட்டுக்கொண்டு ஆத்தூருக்கு வந்து சேர்ந்தார். செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் பாத்தியில் குந்தி வேரைக் கிளறிப் பார்த்தார். மடை உடைந்ததையும் ஊர் சொன்ன காரணத்தையும் கேட்டுக்கொண்டார். பிறகு வாசலில் உட்கார்ந்து மோர் குடித்தபடி வீரபாகுவிடம் சொன்னார்.

"இது காலால வாரது இல்ல, அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம். தண்ணியில நீந்தி வரும். மேட்டுல எங்கயோ சீக்கு வந்த கொடி இருந்திருக்கு. மடை ஒடைஞ்ச தண்ணியோட உள்ள வந்திருக்கும்."

கதவுக்குப் பின்னால் நின்ற சீனித்தாய் காதைக் கதவோடு ஒட்டினாள். தண்ணீரோடு வந்ததென்றால், அந்தத் தண்ணீரை அடைத்தவள் அவள். அடைக்காமல் விட்டிருந்தால் பன்னிரண்டு பாத்தியும் முங்கியிருக்கும். ஆனால் படித்தவர் ஆயிரம் சொல்வார். இத்தனை தலைமுறையாகச் சொன்னவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்களா? மனசு ஒரு பக்கம் சாயும், மறுபக்கம் சாயும், நிலைகொள்ளவில்லை.

ஞானதீபம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியை எடுத்தார். உள்ளே பாசிபோலப் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சணத்தில் கெட்டது இருப்பதுபோல நல்லதும் உண்டு, இது நல்ல ஜாதி, கெட்டதைச் சுற்றிப் பிடித்துத் தின்றுவிடும் என்றார். கோயம்புத்தூரில் படிக்கும்போது பூதக்கண்ணாடி வழியாகக் கண்ணால் பார்த்தவர். தோட்டத்தில் போட்டு ஜெயித்தவர் யாரும் தனக்குத் தெரிந்து இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அவித்த சோளத்தில் இதை வளர்க்கவேண்டும். அதற்குச் சுத்தமான கையும் பொறுமையும் வேண்டும்.

வீரபாகு தன்னையறியாமல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அப்படித்தான் அது சீனித்தாயின் அடுப்படிக்கு வந்தது. சோளத்தை அரைவேக்காடாக அவித்து, வடித்து, ஆவி அடங்கியதும் புதுச்சட்டியில் போட்டு, குப்பியிலிருந்து துளி எடுத்துக் கலந்து, துணியால் வேடுகட்டி வைப்பாள். ஐந்தாம் நாள் திறந்தால் சோளம் முழுக்க வெள்ளை நூலோடி, மேலே பச்சைப் பொடி பூத்திருக்கும். கெட்டுப்போன பண்டத்தின் நாற்றம் இல்லை. துருவின தேங்காயின் வாசம். பழைய மோரை விட்டுப் புதுப்பாலை உறைய வைப்பதுபோல், ஒரு சட்டியிலிருந்து எடுத்து அடுத்த சட்டியில் போட்டு அவளே பெருக்கக் கற்றுக்கொண்டாள்.

ஐந்தாவது, ஆறாவது பாத்திகளில் வீரபாகு அதைக் கொடிகளின் அடியில் வேர்மூட்டில் போட்டார். பத்து நாள் இரண்டு பாத்தியும் நின்றது. பதினோராம் நாள் மழை பிடித்தது. மழை விட்டதும் ஐந்தாவது பாத்தி மொத்தமாகச் சாய்ந்தது. ஆறாவது அரைகுறையாக நின்றது. ஞானதீபம் வந்து பார்த்துவிட்டு, மழை பூஞ்சணத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது என்றார். அன்று அவர் மோர் குடிக்காமலே போனார்.

கார்த்திகை பிறந்துவிட்டது. ஆறுமுகநயினார் வாய்க்கால் வரப்பில் காலையும் மாலையும் நடந்து, எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

புன்னைக்காயலிலிருந்து வாரம் இரண்டுமுறை கருவாட்டுக் கூடையோடு வருகிறவள் கிளாடிஸ். புருஷன் அம்புரோஸ் தூத்துக்குடியில் தங்கிச் சங்கு குளிக்கிறவன். முத்துக்குளிப்பு வைத்தே பல வருஷமாகியிருந்தது. கருவாட்டைக் கொடுத்துவிட்டு வெற்றிலை வாங்கிக்கொள்வது வழக்கம். இந்தமுறை சீனித்தாய் கொடுக்க வெற்றிலை இல்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். தன் வீட்டுக் கிணற்றடியிலேயே ஒரு கொடி நிற்கிறது, அவசரத்துக்கு அதில் கிள்ளிக்கொள்வேன் என்றாள் கிளாடிஸ். நட்டு எட்டு வருஷமாம். வாடல் என்பதே கண்டதில்லையாம். மீன் கழுவின தண்ணீர்தான் அதற்கு ஊற்றுவதாம்.

மறுநாள் சீனித்தாய் அவளோடு புன்னைக்காயலுக்கு நடந்தாள். ஆற்றங்கரையோடு போகும் பாதை சேறும் வழுக்கலுமாக இருந்தது. கடற்காற்று முகத்தில் மணலை அறைந்தது. கிளாடிஸின் அடுப்படிக்குப் பின்னால், மாதா படம் ஒட்டிய சுவரை ஒட்டிக் கிணறு. பக்கத்தில் முருங்கையைப் பிடித்து ஏறியிருந்தது கொடி. எப்போதும் ஈரம் சொதசொதக்கும் இடம். சீனித்தாயின் தோட்டமாயிருந்தால் ஒரே வாரத்தில் அழுகியிருக்கும். இங்கே தண்டு பென்சில் கனத்துக்குப் பச்சையாக நின்றது. சீனித்தாய் கையால் தோண்டினாள். கறுத்த, பொலபொலத்த மண், வெள்ளை வேர்.

கேட்கலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, இதுக்கு எல்லா நாளும் நீங்கதான் தண்ணி ஊத்துவியளா?"

"அவுகதான் வருஷத்துல பாதி நாள் கடல்ல கெடக்காகளே. பின்ன ஆரு ஊத்துவா?"

"எல்லா நாளுமா?"

கிளாடிஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். கேள்வி விளங்கிவிட்டது. "எல்லா நாளுந்தான்" என்றாள். "எங்க ஊருலயும் அந்த நாளுல வலையத் தொடாத, கட்டுமரத்துல ஏறாதம்பாக. இந்தக் கொடிக்கு அதெல்லாம் ஆரும் சொல்லிக்குடுக்கல."

இரண்டு ஓலைப்பெட்டி மண்ணோடு சீனித்தாய் திரும்பினாள். அன்று இரவு வீரபாகு கால்மாட்டில் இருந்த பெட்டியைப் பார்த்து, என்ன மண் என்று கேட்டார். மீன் கழுவின இடத்து மண் என்று மறைக்காமல் சொன்னாள். கவிச்சியைக் கொடிக்காலுக்குள் கொண்டுபோவதா என்று அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் காலையில் பெட்டிகளில் ஒன்றைக் காணவில்லை. ஏழாவது பாத்தியில் கொட்டி, யாரும் பார்க்காதபடி அகத்தித் தழையால் மூடியிருந்தார்.

அது ஒரு வாரம் தாங்கியது. பிறகு அந்தப் பாத்தியிலும் ஓரத்துக் கொடிகள் தொய்ந்தன.

தனியாகப் பூஞ்சணமும் நிற்கவில்லை, தனியாக மண்ணும் நிற்கவில்லை. சீனித்தாய்க்கு அடுப்படியில் கை ஓடவில்லை. மூன்று உடைந்த பானை ஓடுகளை எடுத்தாள். ஒன்றில் தங்கள் தோட்டத்து மண், ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் கிளாடிஸ் வீட்டு மண். மூன்றிலும் பச்சை பூத்த சோளத்தில் ஒவ்வொரு பிடி போட்டு, தண்ணீர் தெளித்து, வேடுகட்டி வைத்தாள்.

ஞானதீபம் வந்தபோது இரண்டையும் கலந்து போட்டால் என்ன என்று புருஷன் மூலமாகக் கேட்கச் சொன்னாள். கூடாது என்றார் அவர். மண்ணில் இருக்கும் கிருமிகள் பூஞ்சணத்தைத் தின்றுவிடும், இருப்பதும் போய்விடும். அதற்குமேல் கதவுக்குப் பின்னால் நிற்க அவளால் முடியவில்லை. மூன்று ஓடுகளையும் கொண்டுவந்து அவர்முன் வைத்து வேடு கட்டிய துணியை அவிழ்த்தாள். தோட்டத்து மண்ணில் சோளம் பழுப்பாகச் சொதசொதத்துக் கிடந்தது. மணலில் பாதி. கிளாடிஸ் வீட்டு மண்ணில் பச்சை சோளத்தைத் தாண்டி மண்ணின் மேலும் படர்ந்திருந்தது.

ஞானதீபம் குந்தினபடி மூன்றாவது ஓட்டுத் துண்டை மூக்கருகே கொண்டுபோனார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இந்த மண்ணுலயும் ஏதோ நல்ல கிருமி இருக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிக்கல" என்றார். "நான் செஞ்சு பாத்திருக்கணும்க்கா. செய்யாமலே ஆகாதுன்னுட்டேன்."

அதன்பிறகு ஒருவரும் உட்காரவில்லை. வீரபாகு ஆளோடு சேர்ந்து ஓடையை ஆழப்படுத்தித் தண்ணீர் தேங்காமல் வடித்தார். கிளாடிஸ் கருவாட்டுக்குப் பதிலாக மண் சுமந்துவந்தாள். சீனித்தாய் ஒன்பது சட்டிகளில் சோளம் அவித்தாள். மண்ணும் பூத்த சோளமும் மக்கின வேப்பம்புண்ணாக்கும் கலந்து இரண்டு நாள் நிழலில் போட்டு, ஈரம் காயாமல் புரட்டினார்கள். போடவேண்டிய அன்று காலையில் வீரபாகு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நான் போட்டா கொத்துக் கொத்தா விழுது. நீயே வந்து போடு."

"உங்க அண்ணன் வரப்புல நிப்பாக."

"நிக்கட்டும்."

அவள் எழுந்திருக்கவில்லை. சட்டியைப் பார்த்தபடியே, புரட்டாசியில் மடையை அடைத்தது யார் தெரியுமா என்று கேட்டாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, தூத்துக்குடியிலிருந்து வந்த மறுநாளே கொல்லைப்புறத்தில் சேறுபிடித்த சேலையைப் பார்த்துவிட்டேன் என்றார். எந்த நாள் என்பதும் அப்போதே தெரியும் என்றார்.

"தெரிஞ்சும் அவுக வாசல்ல நின்னு கேக்கும்போது குனிஞ்சுக்கிட்டு இருந்தியளே."

"வாய் தொறந்தா ஆமான்னுதான் வரும். அதனால தொறக்கல."

அது போதவில்லை அவளுக்கு. ஆனாலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு கொடி மூட்டிலும் கைப்பிடி கைப்பிடியாக வைத்து, வேர் அறுபடாமல் விரலால் அணைத்தாள். மிச்சமிருந்த ஏழு பாத்தியும் முடிய இரண்டு நாள் ஆயிற்று. ஆறுமுகநயினார் வரப்பில் வந்து நின்றார். காறித் துப்பிவிட்டுப் போனார்.

மார்கழி முதல் தேதி ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியும் காய்ந்த பனையோலையுமாக வந்தார்கள். அதற்கு முன் எட்டு நாளாகப் புதிதாக ஒரு கொடியும் வாடவில்லை. அந்த எட்டு நாளில் இரண்டு மழை. வந்தவர்கள் பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் ஆறாவது பாத்தியில் பாதி செத்துப்போயிருந்த கொடியின் அடியிலிருந்து புதிதாக விட்டிருந்த துளிரைத் தொட்டுப் பார்த்தார். தை வரைக்கும் பொறுப்போம் என்று போய்விட்டார்கள். கொண்டுவந்த ஓலையை வரப்பிலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

ஞானதீபத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. நாட்டில் தானியப் பஞ்சம், வெற்றிலை வயிற்றுக்கு ஆகாரமில்லை என்று மேலிடத்தில் சொல்லி, அவரைக் கயத்தாறு பக்கம் கம்பும் சோளமும் பயிரிடச் சொல்லிக் கொடுக்க அனுப்பிவிட்டார்கள். போகுமுன் வந்து குப்பியை சீனித்தாயிடம் கொடுத்தார். இது ஒரு தோட்டத்துச் சமாசாரம், இன்னொரு தோட்டத்தில் பலிக்கும் என்று தன்னால் சத்தியம் பண்ணமுடியாது என்றார். தையில் ஏழு பாத்தியில் ஐந்து முழுசாகத் தேறியது என்று வீரபாகு ஆள்பிடித்து ஒரு கார்டு எழுதிப்போட்டார். பதில் வரவில்லை. கார்டு போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

மாசியில் காற்று திரும்பியது. ஆறுமுகநயினாரின் கொடிக்காலில் ஓடையோரத்துப் பாத்தி மூன்று ஒரே வாரத்தில் சாய்ந்தது. அவர் வரப்பில் நடப்பதை நிறுத்திவிட்டார். தம்பி வீட்டைத் தாண்டும்போது வேகமாகப் போனார். வீரபாகு இரண்டுமுறை எழுந்து அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டு, பாதி வழியில் திரும்பி வந்தார். கேட்காமல் கொடுத்தால் அவருக்குக் கேவலமாகப் படும் என்றார்.

ஒரு காலை ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சுடலைமாடத்தி கொல்லைப்புற வழியாக வந்தாள். கையில் வெறும் ஓலைப்பெட்டி. வாசற்படியில் ஏறாமல் வாழைமரத்துப் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

"அவுக அனுப்பல. நானாத்தான் வந்தேன்" என்றாள்.

சீனித்தாய் வேலையை நிறுத்தாமல் சோளத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் உமி பறந்தது.

"அன்னைக்கு வாசல்ல நின்னியளே அக்கா. ஒரு வார்த்தை சொல்லலியே."

"என்னன்னு சொல்ல?"

"அவ அந்த மாதிரிச் செய்ய மாட்டான்னு சொல்லிருக்கலாமே."

சுடலைமாடத்தி பெட்டியின் விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த ஓலையைக் கிள்ளினாள். "நீ செய்வன்னு எனக்குத் தெரியும்ளா" என்றாள். "நீ ஒருத்திதான் போனன்னு நெனைச்சிக்கிட்டா இருந்த? அவுகளுக்குக் காய்ச்சல் கண்டு கெடந்த வருசம், ஆறு மாசம் நான்தான் தண்ணி இறைச்சேன். மூணு நாளு வீட்டுல உக்காந்திருந்தா கொடி தாங்குமா? சாயங்காலம் குளிச்சுட்டு வந்து, ஆளு வச்சு இறைச்சேன்னு சொல்லுவேன். அந்த வருசம் போல வெத்தல அதுக்குப் பொறவு வெளையல."

முறம் நின்றது.

"அதைச் சொல்லிருக்கலாமே."

"சொன்னா உன்ன விட்டிருக்க மாட்டாக. ரெண்டு பேரையும் சேத்துல்லா தள்ளிவச்சிருப்பாக."

சீனித்தாய் எழுந்து முறத்தைச் சுவரில் சாய்த்தாள். கோபம் போய்விடவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. உள்ளே போய் நிழலில் புரட்டிவைத்திருந்த கலவையின் மேல் கிடந்த சாக்கை விலக்கினாள். தேங்காய் வாசமும் ஈரமண் வாசமும் சேர்ந்து எழுந்தன. பெட்டியோடு உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். சுடலைமாடத்தி அசையவில்லை.

"நான் அங்கன வரலளா. நீயே அள்ளி இங்கன கொண்டா."

"ஏன்?"

"இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாளு."

சீனித்தாய் வெளியே வந்து அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கவில்லை. கையையே பிடித்து நிழலுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"ரெண்டு கையாலயும் அள்ளுங்க அக்கா" என்றாள். "இன்னைக்கே போட்டிரணும். நானும் வாரேன்."